பதினாலு ரூபாய்க் கத்திக்கு எழுபது ரூபாய்

மணிமொழி எழுதுவது வலது கையால். சாப்பிடுவது வலது கையால். கோயிலில் விபூதி வாங்குவதும், வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவதும் வலது கையால்தான். நாலு பேர் பார்க்கிற வேலையையெல்லாம் வலது கை செய்யும். சரியாக வந்தே ஆகவேண்டிய வேலையை இடது கை செய்யும். சின்ன வயதில் அவள் அம்மா ஆராயி பழைய புடவையைக் கிழித்து, மகளின் இடது கையை இடுப்போடு கட்டிவைத்து, ஒரு வருஷம் மல்லுக்கட்டிப் பழக்கிய பழக்கம் இது. பாதிதான் படிந்தது. மீதிப் பாதியை மறைத்துக்கொள்ள மணிமொழி தானாகவே கற்றுக்கொண்டாள்.

அந்த மறைப்பு சோற்றுப் பிரச்சினையாக மாறியது கோதண்டராமனின் நாற்றுப் பண்ணையில். அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில் ஒன்றரை ஏக்கர். மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்பதுதான் பிரதான வியாபாரம். அங்கே பெண்களுக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று மண் கொட்டகை. செம்மண்ணையும் எருவையும் கலந்து, குனிந்த இடுப்பு நிமிராமல் நாளெல்லாம் பையில் அடைக்க வேண்டும். கூலி இருபத்திரண்டு ரூபாய். இன்னொன்று ஒட்டுக் கொட்டகை. நிழலில் பலகை மேல் உட்கார்ந்து செய்கிற வேலை, கூலி நாற்பது. மூன்று வருஷம் மண் அள்ளியபின், தொண்ணூற்று நாலாம் வருஷம் சித்திரையில் மணிமொழிக்கு ஒட்டுக் கொட்டகையில் ஓர் இடம் கிடைத்தது. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. முதுகுத்தண்டில் ஏற்கெனவே ஒரு வலி குடியேறியிருந்தது. திரும்ப மண்ணுக்குப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது வேண்டுதல்.

ஒட்டு என்பது பெரிய மந்திரமில்லை. கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல ஜாதி மரத்தின் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகக் கட்டவேண்டும். இருபது நாளில் துளிர் விட்டால் பிழைத்தது, கறுத்துப்போனால் போச்சு. எல்லாம் அந்தச் சீவலில் இருக்கிறது. குச்சியின் வெட்டு முகம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கவேண்டும். நடுவில் நூலளவு குழி விழுந்தாலும் உள்ளே காற்று நின்று குச்சி காய்ந்துவிடும்.

மணிமொழி கட்டியதில் நூற்றுக்கு நாற்பதுதான் பிழைத்தது. பக்கத்துப் பலகை அப்பாசாமிக்கு எண்பதுக்குக் குறைந்ததே இல்லை. இத்தனைக்கும் இருவரிடமும் இருந்தது ஒரே மாதிரிக் கத்தி. வடநாட்டுக் கம்பெனி சரக்கு, ஒன்று நூற்றெண்பது ரூபாய் என்று கோதண்டராமன் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

கோதண்டராமன் கெட்டவர் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்துவிடும், ஒருநாள் தள்ளிப்போனதில்லை. ஆனால் ராசி என்ற ஒன்றின் முன்னால் அவருடைய புத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். எரு ஏற்றிவந்த லாரி கேட்டுக்குள் பின்பக்கமாக நுழைந்தது என்பதற்காக லோடையே திருப்பி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் நாற்பது கன்றுக்கு வேறென்ன காரணம் கண்டுபிடிப்பார்?

"உனக்குக் கைராசி இல்லம்மா," என்றார். "ஆடி பொறக்குது. உன் கையில நூறு குச்சி தரேன். எழுவது பொழைக்கலைன்னா மண்ணுக் கொட்டாய்க்கே போயிடு. வருத்தப்படாத, இதெல்லாம் அவங்க அவங்க பொறப்பு."

பிறப்புதான், சந்தேகமில்லை, ஆனால் அவர் நினைத்த விதத்தில் இல்லை. மணிமொழி உட்கார்ந்திருந்தது மேற்குச் சுவர் ஓரம், எல்லோருக்கும் முதுகைக் காட்டி. கத்தி இருந்தது இடது கையில். மண் கொட்டகைப் பெண்களுக்கு இது தெரியும். முதலாளியிடம் கொண்டுபோகிற சங்கதிகளில் அவர்கள் இதைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். கன்று வாங்க வருகிற விவசாயிகள் முதல் கன்றை வலது கையால் கொடுக்கச் சொல்லி, துண்டை ஏந்தி வாங்கிக்கொள்கிறவர்கள். பீச்சாங்கையால் கட்டிய ஒட்டு என்று தெரிந்தால் அந்தக் கன்றைத் தொடுவார்களா? அதற்குப் பயந்துதான் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கோளாறு எங்கே என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தக் கம்பெனிக் கத்தியில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவாகச் சாணை பிடித்திருக்கும். வலது கைக்காரர் பிடித்தால் தட்டைப் பக்கம் குச்சியோடு ஒட்டி ஓடும். இடது கையில் பிடித்தால் சரிவுப் பக்கம் குச்சியில் பட்டு, கரண்டி மாதிரி தோண்டிவிடும். வலது கையில் பிடித்தும் பார்த்தாள். வெட்டு தட்டையாக வந்தது, ஆனால் கோணிக்கொண்டு போனது. கூடவே கட்டைவிரலிலும் ஒரு சீவல் விழுந்தது.

வீட்டில் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. முந்தின வருஷம் தீபத் திருவிழாக் கடையில் பதினாலு ரூபாய்க்கு வாங்கியது. தகரப் பிடி, வெங்காயம் நறுக்கவே முக்கி முனகும். அதை எடுத்துக்கொண்டு பே கோபுரத் தெருவில் நூருல்லா கடைக்குப் போனாள். நூருல்லாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தையல்காரர்களின் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிப்பதுதான் தொழில். இனிமையாகப் பேசுவது அவருடைய தொழிலில் சேராது.

"இத்தயா?" என்று கத்தியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது கத்தியே இல்லம்மா. தகரத்துக்கு வாய் வெச்சுக் குடுத்துக்கிறான்."

"ஒரு பக்கம் மட்டும் சாணை வெக்கணும் பாய். இந்தப் பக்கம் தட்டையா இருக்கணும்."

நூருல்லா கத்தியைப் பார்த்தார், அவளுடைய கையைப் பார்த்தார். "நீ பீச்சாங்கையா?"

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"அதுக்கு இன்னாத்துக்கு பயப்படறே? போளூர் டைலர் ஒருத்தருக்கு நான்தான் கத்தரிக்கோலை மாத்தித் தரேன், கல்யாணக் கோட்டு தைக்கிறாரு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா இது கட்டாதும்மா. சாணைக்கு முப்பது ஆவும். வெறும் சாணை வெச்சா ரெண்டு நாள்ல மழுங்கும், பதம் ஏத்தணும், அதுக்குப் பதினஞ்சு. இந்தத் தகரப் பிடி உள்ளங்கையைக் கிழிச்சுடும், புளியங்கட்டையில பிடி போட்டா இருவது. நகத்தால தூக்கிப் பிரிக்கிற பள்ளம் சோத்தாங்கைக்காரனுக்குத்தான் வெட்டிக்கிறான், மறுபக்கம் ஒண்ணு வெட்டணும், அஞ்சு. எழுவது ரூபா. பதினாலு ரூபா சாமானுக்கு எழுவது ரூபா செலவு பண்றவங்களுக்கு ஊர்ல வேற பேரு. உங்க மொதலாளியோட நல்ல கத்திய கொண்டா, அத்த மாத்தித் தரேன்."

"அத்த தொட முடியாது பாய். இதுலயே பண்ணுங்க."

"அப்பால என்னைத் திட்டக்கூடாது."

புருஷன் கோபி பெரிய தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டு அவன் கோபப்படவில்லை. அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. "எழுவது ரூபாய்க்கு இதே கத்தி அஞ்சு வாங்கலாம், மணி. வாரத்துக்கு ஒண்ணா மழுங்கடிச்சுத் தூக்கிப் போடலாம்."

"அஞ்சும் சோத்தாங்கைக் கத்திதான?"

கல்யாணமான நாள் முதல் அவள் இடது கையால் தோசை திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு, மறுநாள் சவாரிக் காசில் முப்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தான். பாக்கிக்கு அவள் ஒரு நாள் கூலியைப் போட்டாள்.

நாலாம் நாள் நூருல்லா கத்தியைப் பலகைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை; கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மணிமொழி எடுத்து, கொண்டுவந்திருந்த மாங்குச்சியைச் சீவினாள். வெட்டு முகம் ஈரமாகப் பளபளத்தது. விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள், எங்கும் தட்டவில்லை. நூருல்லாவும் குச்சியை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே," என்றார்.

ஆடியில் கட்டிய நூறில் எண்பத்தாறு துளிர்த்தது.

கோதண்டராமன் இரண்டு தடவை எண்ணினார். மூன்றாம் தடவை அப்பாசாமியை எண்ணச் சொன்னார். பிறகு, "இன்னாம்மா பண்ணே?" என்றார். மணிமொழி கத்தியைக் காட்டினாள். சாணை மாற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். எந்தக் கைக்கு என்று சொல்லவில்லை. அவள் பாதி சொல்லி நிறுத்தினால் அவர் மீதியை ராசியால் நிரப்பிக்கொள்வார் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஆயுத பூஜையன்று அந்தக் கத்தி சாமி படத்துக்கு முன்னால் தனித் தட்டில் இருந்தது. மண்வெட்டி, பூவாளி, நூற்றெண்பது ரூபாய்க் கத்திகள் எல்லாம் கீழே கும்பலாகக் கிடக்க, இதற்கு மட்டும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பூஜை முடிந்த மறுநாள் கோதண்டராமன் அதை அப்பாசாமியின் பலகைமேல் வைத்தார்.

"ரெண்டாயிரம் பங்கனப்பள்ளிக்கு ஆர்டர் வந்துக்குது. இது ராசியான கத்தி. உன் கையும் சேர்ந்தா நூத்துக்கு நூறு." பிறகு மணிமொழியிடம் திரும்பினார். "உனக்கு வருத்தம் இல்லையே? கம்பெனிக் கத்தி எடுத்துக்கோ. கத்திக்கு நீ போட்ட காசை சனிக்கிழமை தந்துடறேன்."

வாயைத் திறந்தால் இடது கை வெளியே வரும். திறக்காவிட்டால் கத்தி போகும். அவள் வாயைத் திறக்கவில்லை. பிறத்தியார் முன்னால் வாயடைத்து நின்றதற்காக அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் அவளுக்கு உப்புக் காரம் எதுவும் தெரியவில்லை.

அப்பாசாமி பாவம். இருபது வருஷத் தொழில்காரர், அந்தக் கத்தியை வைத்துக்கொண்டு குச்சி குச்சியாகத் தோண்டினார். முதலாளி சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத் தந்த கத்தியைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டு வேளை மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். முதல் அறுநூறு கட்டி இருபது நாள் கழித்துப் பார்த்தால் நானூற்றுச் சொச்சம் கறுத்துக் கிடந்தது. மணிமொழியின் வரிசையும் பழையபடி நாற்பதுக்கு இறங்கியது.

கோதண்டராமன் பண்ணை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். பூசணி உடைத்தார். கண்ணு பட்டுவிட்டது என்பது அவருடைய முதல் முடிவு. ஒரே கத்தியில் இத்தனை பாரம் ஏற்றியதுதான் தப்பு என்பது இரண்டாவது முடிவு. பணத்தை எண்ணி மணிமொழியிடம் கொடுத்து, "அந்த பாய்கிட்டயே இதே மாதிரி ஆறு கத்தி பண்ணிட்டு வா. ஆளுக்கு ஒண்ணா குடுத்துடலாம்," என்றார்.

நூருல்லா பணத்தைத் தொடவே இல்லை.

"உங்க பண்ணையில ஆறு பீச்சாங்கைக்காரங்க கீறாங்களா?"

"நான் ஒருத்திதான்."

"உங்க மொதலாளிக்குத் தெரியுமா?"

அவள் பணத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்தாள். நூருல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது. நாலு நாள் உக்காந்து செஞ்ச வேலை. உனக்குன்னு செஞ்ச சாமான வேற ஆள் கையில குடுத்து, குங்குமம் வேற வெச்சு, கத்திய கெடுத்துக்கினு கீறீங்க. இந்த ஆறையும் நான் செஞ்சு தருவேன், எனக்கு நானூத்திருவது ரூபா. ஆறும் அங்க வீண். அப்பால அந்த ஆளு என் சாணையைத்தான் குத்தம் சொல்லுவாரு. போய் நெசத்த சொல்லு, போ."

பண்ணைக்கு அவள் நடந்தே போனாள். ஆட்டோ நிலையத்தில் கோபி நின்றுகொண்டிருந்தான். ஏறச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். சொன்னால் மண் கொட்டகை. சொல்லாவிட்டாலும், நாற்பது கன்றோடு, இன்னும் ஒரு மாதத்தில் மண் கொட்டகை. அதிலும் அப்பாசாமி என்ன பாவம் பண்ணினார்? அந்த மனுஷன் தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

போனவள் பணத்தை மேஜைமேல் வைத்தாள். அப்பாசாமியின் பலகையிலிருந்து தன் கத்தியை எடுத்தாள். ஒரு குச்சியை வலது கையில் பிடித்து, முதலாளியின் கண்ணெதிரே இடது கையால் இரண்டு இழுப்பு இழுத்தாள். சீவிய குச்சியை அவர் முன்னால் நீட்டினாள்.

கோதண்டராமன் வெட்டு முகத்தைப் பார்த்தார். அப்பாசாமியும் எழுந்துவந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தியை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டு, "அடக் கடவுளே, என் கை நல்லாத்தான் கீது," என்றார்.

"எத்தினி நாளா இப்பிடி?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"பொறந்ததுல இருந்துங்க."

அவர் முதலில் பார்த்தது வாசலை. வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டார். எண்பத்தாறையும் இடது கையையும் மனசுக்குள் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தார் போல. கடைசியில் எண்பத்தாறு ஜெயித்தது, ஆனால் முழுசாக இல்லை.

"கத்திய நீயே வெச்சுக்கோ. இங்கயே இரு. ஆனா வர்றவங்க கண்ணுல படக்கூடாது. சாக்கு வாங்கி ஒரு மறைப்பு கட்டித் தரேன்."

அப்படித்தான் அந்தத் திரை வந்தது. நாலு சாக்கைச் சேர்த்துத் தைத்து, மேற்கு மூலையில் தொங்கவிட்டார்கள். அதற்குள் மணிமொழியும் ஒரு ஜன்னலும். ஜன்னல் இருந்தும் காற்று வராது. ஆனால் நாற்பது ரூபாய் வந்தது, பிறகு அறுபதாகி எழுபத்தைந்தானது. முதுகு வலி குறைந்தது.

திருவண்ணாமலையில் எதை மறைத்துவைத்தாலும் அதற்குள் ஒரு சாமியார் இருப்பதாக ஊர் முடிவு கட்டிவிடும். திரைக்குப் பின்னால் ஒரு அம்மா மௌன விரதத்தில் ஒட்டுக் கட்டுகிறாள், அந்தக் கன்று பட்டுப்போவதே இல்லை என்று விவசாயிகள் பேசிக்கொண்டார்கள். செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து திரைக்கு முன்னால் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போனார். உள்ளே மணிமொழி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "தெரையில கட்டுன கன்னு இருக்குதா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினார்கள். கோதண்டராமன் அதற்கு இரண்டு ரூபாய் ஜாஸ்தி வைத்தார். கேட்பவர்களிடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆறு வருஷத்தில் கத்தியின் அலகு தேய்ந்து பாதியானது. இரண்டாயிரத்தில் நூருல்லா புது அலகு போட்டுத் தந்தார், நூற்றிருபது ரூபாய். பழைய புளியங்கட்டைப் பிடி மட்டும் அவள் கை பட்டுப் பட்டுக் கறுத்து அப்படியே இருந்தது. "பதினாலு ரூபா கத்தி எங்க வந்து நிக்குது பாரு," என்று கோபி இப்போதும் சிரிப்பான்.

இரண்டாயிரத்து மூன்றில், ஆவணி மாதம் ஒரு காலை, இராமலிங்கம் வந்தார். செங்கத்துக்கு அந்தப்பக்கம் நிலம் வைத்திருப்பவர். ஐந்து வருஷம் முன்பு திரைக் கன்று முந்நூறு கொண்டுபோனவர். முந்நூறில் பட்டுப்போனது ஆறு. இப்போது ஐந்நூறு வேண்டும் என்றார். கோதண்டராமன் பணத்துக்கு ரசீதுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் விடுவிடுவென்று நடந்துபோய்ச் சாக்குத் திரையைத் தூக்கிவிட்டார்.

மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். இடது கையில் கத்தி, வலது கையில் குச்சி. மறைக்க நேரமில்லை. இந்த ஐந்நூறும் போய், இந்த ஆள் ஊர் ஊராகச் சொல்லி, நாளைக்கு மண் கொட்டகைதான் என்று அவளுக்குத் தோன்றியது. கோதண்டராமன் பின்னாலேயே ஓடிவந்தார்.

இராமலிங்கம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நிறுத்தாதம்மா. நடத்து," என்றார்.

அவள் சீவினாள். செருகினாள். நாடா சுற்றிக் கட்டினாள். அவர் கடைசி முடிச்சு வரைக்கும் பார்த்தார்.

கன்றுகளை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில், முதல் கன்றைக் கட்டினவங்களே வந்து எடுத்துத் தரவேண்டும் என்று கேட்டார். கோதண்டராமன் அவளைக் கூப்பிட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மணிமொழி ஒரு வாடிக்கைக்காரர் முன்னால் வந்து நின்றாள். கன்றை எடுத்து, அம்மா பழக்கிய பழக்கப்படி, வலது கையால் நீட்டினாள்.

இராமலிங்கம் துண்டை விரித்தபடியே நின்றார். வாங்கவில்லை.

"அந்தக் கை இல்லம்மா," என்றார். "என் தோட்டத்துல நிக்கிற மரமெல்லாம் எந்தக் கையில வந்துதோ, அந்தக் கையால குடு."

மணிமொழி முதலாளியைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்றை இடது கைக்கு மாற்றி நீட்டினாள். இராமலிங்கம் குனிந்து, துண்டில் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியின் முன் சீட்டில் வைத்தார்.

வண்டி போனபின் அவள் தன் மூலைக்குத் திரும்பினாள். தூக்கிவிட்ட திரை அப்படியே மேலே சொருகிக் கிடந்தது. கோதண்டராமன் அதைத் தாண்டித்தான் போனார், இறக்கிவிடவில்லை. பலகைமேல் கத்தி திறந்தபடி இருந்தது. மணிமொழி அதை இடது கையில் எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இன்னும் நாற்பது குச்சி பாக்கி இருந்தது.